கணையத்தோடு ஒரு வாரம்

திங்கள்

காலைக் கஞ்சிக்கு உட்காரும் முன்பே வேலை ஆரம்பித்துவிடுகிறது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், சர்க்கரை அளவு, அதற்கேற்ற இன்சுலின் ஊசி. கஞ்சிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நொதிக் காப்ஸ்யூல். முதல் வாய்க் கஞ்சியோடு அதை விழுங்க வேண்டும். வயிறு நிறையச் சாப்பிடும் வேளையென்றால் நடுவில் இன்னொன்று. கை கழுவியபின் போட்டால் பலன் குறைந்துவிடும். உணவோடு சேர்ந்து உள்ளே போனால்தான் உணவோடு கலக்கும். கடித்து மெல்லவும் கூடாது. உள்ளே இருக்கும் பொடி மணிகள் இரைப்பை அமிலத்தைத் தாண்டிப் போய்ச் சிறுகுடலில் கரைய வேண்டியவை.

நாள்பட்ட கணைய அழற்சி என்பது என் நோயின் பெயர். உணவைச் செரிக்கும் நொதிகளையும் இன்சுலினையும் தருவது கணையம். அது தழும்பேறிக் கெட்டுப்போகும்போது வலி வரும். கொழுப்பு செரிக்காமல் மலத்தோடு போகும். சர்க்கரை நோயும் வந்து சேரும். கெட்ட பாகம் திரும்பி வளராது. மிச்சமிருப்பதை வைத்துக் காலம் தள்ள வேண்டும், தள்ளவும் முடிகிறது.

நோட்டில் நாலு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்: சாப்பாடு, காப்ஸ்யூல், சர்க்கரை, மலம். மருத்துவர் முதலில் பார்ப்பது நாலாவது கட்டத்தைத்தான்.

செவ்வாய்

அந்த நாலாவது கட்டத்தைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறேன். கொழுப்பு செரிக்காத நாளில் மலம் வெளுத்து, பிசுபிசுப்பாக, அளவு கூடிப் போகும். கோப்பையில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் தெரியும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாலும் முழுதாகப் போகாது. நாற்றம் வெகுநேரம் நிற்கும். நேற்று மத்தியானம் சாப்பிட்ட சாளை வறுவலுக்குக் காப்ஸ்யூல் போதவில்லை என்பதை இன்று காலை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். எழுதி வைத்தேன். அடுத்த முறை மருத்துவர் அளவை மாற்றுவதற்கு இந்த வரிதான் ஆதாரம்.

முன்பெல்லாம் இந்த நோய்க்காரர்களிடம் எண்ணெயை அடியோடு விடச் சொல்வார்கள். இன்றைய முறை வேறு. கொழுப்பை வெட்டினால் உடம்பு இளைக்கும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் கொழுப்பில் கரைபவை என்பதால் அவையும் உடம்பில் சேராமல் போகும், எலும்பு தேயும். ஆகவே கொழுப்பைத் தேவையில்லாமல் குறைக்காமல், உணவுக்கேற்ற அளவு நொதியைக் கொடுக்கிறார்கள். மூன்று பெரிய வேளையைச் சிறுசிறு வேளைகளாகப் பிரித்துக்கொண்டால் வயிறும் அடங்கி இருக்கிறது.

புதன்

திருவனந்தபுரத்துக்கு மருத்துவரைப் பார்க்கப் போனேன். எங்கள் ஊர் பூவாரிலேயே பஸ் கிடைக்கும். ஆனாலும் பாறசாலைக்குப் போய் ரயிலேறுவேன். ரயிலில் கழிப்பறை உண்டு. பையில் குளுக்கோஸ், பிஸ்கட், மாற்று உடுப்பு. காப்ஸ்யூல் டப்பாவை வெயில் படாத உள்ளறையில் வைப்பேன், சூட்டில் நொதி கெட்டுவிடும். குளுக்கோஸ் இல்லாமல் நான் படி இறங்குவதில்லை. சர்க்கரை இறங்கும்போது அதைத் தூக்கிவிடும் குளுக்ககான் என்ற ஹார்மோனும் கணையத்தில்தான் சுரக்கிறது. எங்களுக்கு அதுவும் குறைவு. அதனால் தாழ்சர்க்கரை எங்களுக்குக் கூடுதல் ஆபத்து.

மருத்துவர் பழைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். முதுகெலும்பின் குறுக்கே கல்லுப்பு சிந்திக் கிடப்பதுபோல் வெள்ளைப் புள்ளிகள். கணையக் குழாயில் அடைந்த கால்சியம் கார்பனேட் கற்கள்.

இந்தக் கற்களுக்குப் பெரிய வரலாறு உண்டு. சரியான உணவு கிடைக்காத ஏழைகளிடம் இந்த நோய் இருப்பதை 1959இல் இந்தோனேசியாவிலிருந்து சூய்டெமா என்ற மருத்துவர் எழுதினார். கேரளத்தில் டாக்டர் பி. ஜே. கீவர்கீஸ் இதே நோயாளிகளைப் பெருந்தொகையாகக் கண்டு பதிவு செய்து, 1968இல் கணையச் சர்க்கரை நோய் பற்றித் தனி நூலே வெளியிட்டார். சிறு வயதில் வலி, வாலிபத்தில் சர்க்கரை, நடு வயதுக்குள் சாவு என்பதுதான் அன்று கண்ட வழக்கம். இன்சுலினும் நொதியும், கல்லை உடைக்கும் சிகிச்சையும், அடைபட்ட குழாயைக் குடலோடு இணைக்கும் அறுவையும் அந்தக் கணக்கை மாற்றிவிட்டன.

வியாழன்

அம்மா மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, அவித்தாள். மேல்தொலியையும் உள்தொலியையும் உரித்து, துண்டு போட்டு, நிறைய தண்ணீரில் கொதிக்கவிட்டு வடித்தாள். மறுபடி தண்ணீர் விட்டு அவித்து மறுபடி வடித்தாள். கிழங்கைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டாள்:

“மக்களே, நான் தந்த கிழங்குதான் ஒனக்கு இத வரவச்சுதா?”

யாரோ சொல்லியிருக்கிறார்கள். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மரச்சீனியைப் பரவலாகப் பயிரிட வைத்தார். 1942இல் பர்மா அரிசி நின்றபோது நம் பக்கத்து ஏழைகளின் உயிரைப் பிடித்து வைத்தது இந்தக் கிழங்கு. இதில் லினமரின் என்ற பொருள் உண்டு, அதிலிருந்து சயனைடு பிரியும். கேரளத்தில் கிழங்கும் அதிகம், இந்த நோயும் அதிகம் என்பதால் கிழங்கின் மேல் சந்தேகம் விழுந்தது. ஆனால் கிழங்கே உண்ணாத ஊர்களிலும் நோய் இருந்தது. கிழங்கையே நம்பி வாழும் ஆப்பிரிக்க ஊர்கள் பலவற்றில் இது காணப்படவில்லை. செரிமான நொதி கணையத்துக்குள்ளேயே வேலையைத் தொடங்கிக் கணையத்தை அரித்துவிடாமல் காக்கும் ஒரு புரதம் உண்டு. அதற்கான ஸ்பிங்க்1 மரபணுவில் பல இந்திய நோயாளிகளுக்கு மாற்றம் இருப்பது 2002இல் வெளிவந்தது. டாக்டர் வி. பாலகிருஷ்ணன் முதலியோர் 1,086 இந்திய நோயாளிகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டபோது, பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் காரணம் பிடிபடாத வகையே இருந்தது.

“கெழங்கு இல்லம்மா. பொறக்கும்போதே உள்ள இருந்த கோளாறும் சேர்ந்து வந்தது” என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மீன் கறியை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள்.

வெள்ளி

ஜும்ஆ முடிந்து பூவார் கடைத்தெருவில் வியாபாரி இக்கா என்னை நிறுத்தினார். அவருக்கும் இதே நோய். இப்போதுதான் காப்ஸ்யூல் எழுதித் தந்திருக்கிறார்கள்.

“சாரே, இது பன்னியோட கணையத்துலேருந்து எடுக்குறதுதானே?”

ஆமாம் என்றேன். மறைக்கக்கூடாத விஷயம்.

“உஸ்தாதுகிட்ட கேட்டேன். வேற மருந்து கெடையாதுன்னா சாப்பிடலாம்னு சொன்னாரு. டாக்டரும் வேற இல்லேன்னுட்டாரு. இப்ப மனசு சமாதானமாச்சு.”

கேட்டுத் தெளிந்துகொண்டு மருந்தைத் தொடர்கிறார். மனதுக்குள் வைத்துக்கொண்டு ரகசியமாக நிறுத்துவதுதான் ஆபத்து.

அவரும் குடித்ததில்லை, நானும் குடித்ததில்லை. இரண்டு வீட்டிலும் வந்தவர்கள் முதலில் கேட்டது குடியைப் பற்றித்தான். மது இந்த நோய்க்குப் பெரிய காரணம். புகை அதை வேகப்படுத்தும். அதில் சந்தேகமில்லை. ஆனால் நோய் வந்தவரையெல்லாம் குடிகாரர் என்று நினைத்தால், குடிக்காதவர் வெட்கப்பட்டு ஒதுங்குவார், குடித்தவர் சிகிச்சைக்கே வரமாட்டார்.

சனி

நான் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் அடிக்கடி முழங்காலில் நெஞ்சைச் சாய்த்துக் குனிந்து உட்காருகிறான். அப்படி உட்கார்ந்தால்தான் வலி குறைகிறதாம். வர வர இளைக்கிறான். மீன் விற்கப் போகும் அவன் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினேன். வாயு என்று கஷாயம் கொடுத்து வருகிறார்.

“கக்கூஸ் போனா எண்ணெ மாதிரி மெதக்குதா?”

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். “ஆமா சாரே. ஒட்டிப் பிடிச்சிட்டுப் போவவே மாட்டேங்கு. இதையெல்லாம் போயி டாக்டருகிட்ட சொல்லணுமா?”

இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றேன். என்ன நோய் என்று முடிவு கட்ட நான் யார்? ஆனால் இந்த ஒரு வாக்கியம் மருத்துவரின் காதில் விழுந்தால் அவர் ஸ்கேன் பார்ப்பார், சர்க்கரை பார்ப்பார், மலத்தில் எலாஸ்டேஸ் நொதியை அளப்பார். அது ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் கணையத்தின் மேல் சந்தேகம் வரும். வாயு என்று மட்டும் சொன்னால் வாயு மாத்திரையோடு திரும்பி வருவார்கள். திங்கட்கிழமை நெய்யாற்றின்கரை அரசு ஆஸ்பத்திரிக்குப் போவதாக ஒப்புக்கொண்டார். அவர் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

ஞாயிறு

இதைப் படிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் வீட்டில் யாருக்காவது மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் வலி திரும்பத் திரும்ப வந்தால், சாப்பிட்டும் உடம்பு இளைத்தால், மலம் எண்ணெயாக மிதந்தால், அதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். தலையைக் குனியாதீர்கள், வேறு வார்த்தை தேடாதீர்கள். ஏற்கெனவே காப்ஸ்யூல் எடுப்பவர்கள் முதல் வாயோடு எடுங்கள், தினமும் எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்த நோய் என்று கேள்விப்பட்டால், குடித்தாரா என்று விசாரிக்காதீர்கள். சாப்பிட்டாரா என்று கேளுங்கள்.