மாமாவின் விடியற்காலை

கிறிஸ்துமஸ் விடியற்காலை ஆராதனைக்கு ஊத வேண்டுமென்றால், மாமாவுக்கு ஆயத்தம் முந்தின ராத்திரியே தொடங்கிவிடும். நாகர்கோவிலில் இரட்சணிய சேனை பேண்டில் கார்னெட் ஊதியவர். மாமி முறுக்கு சுட்டு அடுக்கிக்கொண்டிருப்பாள். அவர் ஒன்றைக்கூடத் தொடமாட்டார். உப்பு அதிகமானால் காலையில் உதடு தடித்துவிடும் என்பார்.

எல்லோருக்கும் முன்னால் எழுந்து வெந்நீரில் வாய் கொப்பளிப்பார். கட்டன்காப்பி, ஊதி முடித்த பிறகுதான். சர்க்கரை மூச்சோடு உள்ளே போனால் வால்வு ஒட்டும். மூன்று வால்வுக்கும் எண்ணெய் விட்டு, அமுக்கி அமுக்கி விடுவார். மவுத்பீஸ் மட்டும் அதுவரை இடது கைக்குள்ளேயே சூடேறிக்கொண்டிருக்கும்.

முதலில் வெறும் உதடு. பிறகு மவுத்பீஸில் வண்டு முனகுவதுபோல ஒரு அதிர்வு. அதைக் கார்னெட்டில் பொருத்தியதும் சத்தமே வராமல் வெறும் மூச்சை உள்ளே விடுவார். சுருண்டு கிடப்பது சுமார் நாலரை அடிக் குழாய். உள்ளே காற்று குளிர்ந்திருந்தால் சுருதி இறங்கி நிற்கும். சூடேறிய பிறகே சுருதி சேர்ப்பார். அப்புறம் நடு ஸ்தாயியில் ஒரு ஸ்வரம், நீளமாக, மெதுவாக. அதிலிருந்து கீழே, கீழே. ஊதிய நேரம் எவ்வளவோ ஓய்வும் அவ்வளவு. மேல் ஸ்தாயிப் பக்கம் போகவே மாட்டார். ஆராதனையில் முழங்கிய பாட்டுகளைவிட, இருட்டு வீட்டுக்குள் நீண்ட அந்தக் கீழ் ஸ்வரங்கள்தான் எனக்குக் கிறிஸ்துமஸ்.

ஓய்வு நேரத்தில் கதை சொல்வார். 1878இல் இங்கிலாந்தின் சால்ஸ்பரியில் சார்லஸ் ஃப்ரையும் அவருடைய மூன்று மகன்களும் சேனையின் தெருக்கூட்டங்களில் ஊதியதில் தொடங்கியதாம் சேனை பேண்டு. அவர்களும் இப்படித்தான் உதட்டை எழுப்பினார்களா என்று கேட்டேன். "உதடு எல்லாருக்கும் ஒண்ணுதானே மக்கா" என்றார்.

முன்பல் ஆடத் தொடங்கியதும் கார்னெட்டை விட்டு யூஃபோனியத்துக்கு மாறினார். அந்தப் பெரிய மவுத்பீஸ் பல்லை அவ்வளவு நெருக்காது. அதிலும் அதே விடியற்காலை, அதே வெந்நீர். பல் போனது, பிறகு மாமாவும் போனார். வீடும் கைமாறிவிட்டது.

கார்னெட் இப்போது தங்கச்சி மகனிடம் இருக்கிறது. நல்ல மூச்சுக்காரன். பெட்டியைத் திறந்ததும் நேரே மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறான். கொஞ்சம் பொறு, முதலில் கீழே ஒன்று நீட்டு என்று அவனிடம் கேட்டு வாங்குகிறேன்.