அஸ்திவாரம் தோண்டும் முன்...

வீடு கட்டப் போகும் என் மாணவச் செல்வங்களுக்கும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. நாற்கரப் பாடம் தேர்வோடு முடிந்துவிடவில்லை. மனையில் முளையடித்து நூல் கட்டும் அன்றும் அது வேண்டும்.

வீடு 30க்கு 40 அடி என்று வைத்துக்கொள்வோம். நான்கு பக்கமும் டேப்பில் சரியாக வந்ததும் திருப்திப்பட்டுவிடாதீர்கள். உள்பெட்டியை உருவிவிட்டு, தீப்பெட்டிக் கூட்டை லேசாக அழுத்திப் பாருங்கள். பக்க அளவு மாறாது. ஆனால் மூலைகள் சாய்ந்து இணைகரமாகிவிடும்.

அதைக் காட்டிக்கொடுப்பது மூலைவிட்டம். இரண்டும் 50 அடி வந்தால் நான்கு மூலையும் செங்கோணம். ஏன்? மூன்று பக்கமும் சமமான முக்கோணங்கள் சர்வசமம். அதனால் அடுத்தடுத்த கோணங்கள் சமம். இணைகரத்தில் அவற்றின் கூடுதல் 180 டிகிரி. ஆக ஒவ்வொன்றும் 90.

ஒரு மூலைவிட்டம் 51 அடி வந்தால் மற்றது ஏறக்குறைய 49தான் வரும். கோண வித்தியாசம் இரண்டரை டிகிரிக்குள்தான். ஆனால் 30 அடிச் சுவரின் மறுமுனை ஒன்றேகால் அடி ஒதுங்கிவிடும். பிறகு டைல்ஸ் ஒட்டும்போது ஓரமெல்லாம் கோணல் துண்டுதான்.

மூலைவிட்டங்கள் சமமாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. முன்பக்கம் 30, பின்பக்கம் 28 என்று இருசமபக்கச் சரிவகமாக அமைந்தாலும் அவை சமமாகவே வரும். எனவே முதலில் எதிர்ப்பக்கங்களை அளந்து பாருங்கள், பிறகு மூலைவிட்டங்களை.

கொத்தனார் அனுபவசாலிதான். இருந்தாலும் டேப்பின் ஒரு முனையை நீங்களே பிடியுங்கள். நூலை நகர்த்த ஐந்து நிமிடம் போதும். எழுப்பிய சுவரை நகர்த்த முடியாது.

பால் காய்ச்சும்போது மறக்காமல் கூப்பிடுங்கள். டேப்போடு வருகிறேன்!