பாய்லருக்குள் இரண்டாவது மின்சாரம்

வடமேற்கு லண்டனில் ஹேரோ பகுதி. பழைய வரிசை வீடு ஒன்றின் சமையலறைச் சுவரில் வெள்ளைப் பெட்டியாகத் தொங்குகிறது கேஸ் பாய்லர். வீட்டு ரேடியேட்டர்கள் எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் வெந்நீர் போக வேண்டும். குளிர் உச்சத்தில் இருக்கும் ஜனவரியில் அது பற்றுவதும் அணைவதுமாக இருக்கிறது.

பார்க்க வந்திருப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஹீட்டிங், வயரிங் இரண்டும் தெரிந்தவர். கூடவே வேலை பழகும் ஓர் இளைஞன். என்னையும் வேடிக்கை பார்க்க அனுமதித்திருந்தார். கழுத்தில் கேஸ் சேஃப் அட்டை தொங்கியது. கேஸ் வேலை செய்பவர்களுக்கான, முன்பு கோர்கி என்றிருந்த பதிவு 2009 ஏப்ரலில் கேஸ் சேஃப் ஆனது. எந்தெந்த வேலைக்குத் தகுதி என்பது அட்டையின் பின்பக்கம்தான் அச்சாகியிருக்கும். வீட்டுக்காரர்களில் பலர் முன்பக்கப் படத்தைப் பார்த்ததோடு விட்டுவிடுகிறார்கள்.

கேஸில் எரிவதுதான் என்றாலும் பாய்லருக்கு மின்சாரம் இல்லாமல் முடியாது. உள்ளே விசிறி, கேஸ் வால்வு, சர்க்யூட் போர்டு. இவற்றோடு வெந்நீரைத் தள்ளும் பம்ப். எல்லாம் சேர்ந்தாலும் சுமார் 100, 150 வாட்தான், ஒரு ஆம்பியருக்கும் குறைவு. அதனால் பக்கத்துச் சுவரில் இருக்கும் ஃபியூஸ் வைத்த சுவிட்சில், அங்கே ஸ்பர் என்பார்கள், 3 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் போதும். அவர் ஃபியூஸை உருவிக் காட்டினார். பழுப்பு நிறம், 13 ஆம்பியர். 3 ஆம்பியர் ஃபியூஸ் சிவப்பாக இருக்கும். எப்போதோ ஒருமுறை ஃபியூஸ் போயிருக்கிறது. யாரோ கைக்குக் கிடைத்ததைச் செருகியிருக்கிறார்கள். பாய்லருக்குப் போகும் 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் தாங்குவது 6 ஆம்பியர். பழுது வந்து 10 ஆம்பியர் பாய்ந்தாலும் இந்த ஃபியூஸ் அசையாது, வயர்தான் காயும்.

கீழே மீட்டர் பக்கத்துப் பெட்டியில் ஹீட்டிங்குக்கான எம்.சி.பி. சுவிட்சை இறக்கி, அதன் மேல் சிறு கவ்வியை மாட்டிப் பூட்டினார். சாவி அவர் சட்டைப் பைக்குள் போனது. வேலை நடப்பதாகச் சொல்லும் அட்டையும் தொங்கியது. 1989ஆம் ஆண்டின் மின்சாரப் பணி விதிமுறைகளின்படி, தவிர்க்கவே முடியாத நிலையில் தவிர மின்சாரம் ஓடும் கம்பியில் வேலை செய்யக் கூடாது. அதை நிறைவேற்றும் வழிதான் இந்தப் பூட்டு.

பிறகு நடந்ததுதான் நான் பார்க்க வந்த விஷயம். இரண்டு முனை டெஸ்டரை எடுத்து, முதலில் சிறு சோதனைப் பெட்டி ஒன்றில் வைத்தார். டெஸ்டரின் விளக்குகள் எரிந்தன, அது வேலை செய்கிறது. பாய்லரின் இணைப்புக் கட்டையில் லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வைத்தார், ஒன்றுமில்லை. லைவ், எர்த்: இல்லை. நியூட்ரல், எர்த்: இல்லை. பலர் இங்கேயே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிடுவார்கள். அவர் நான்காவது கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே வைத்தார். தெர்மோஸ்டாட் கேட்கும்போது பாய்லரை எரியச் சொல்லும் கம்பி அது. டெஸ்டர் 230 வோல்ட் காட்டியது.

"அண்ணை, கிட்ட வந்து பாருங்கோ. சுவிட்ச் நிப்பாட்டி, பியூஸ் கழட்டி, கீழயும் பூட்டியாச்சு. ஆனா இஞ்ச கரண்ட் நிக்குது" என்றார். பையனைப் பார்த்து, "தம்பி, மேல போய் தண்ணி டாங்க் அலுமாரியைத் திறந்து பார்."

சற்று நேரத்தில் மாடியிலிருந்து குரல் வந்தது: "அண்ணை, இமெர்ஷன் ஹீட்டர் சுவிட்சிலயிருந்து ஒரு வயர் புரோகிராமருக்குப் போகுது!"

ஹீட்டிங்குக்கு நேரம் வைக்கும் கருவிதான் புரோகிராமர். அதை மாட்டியவர், பக்கத்தில் டாங்க் தண்ணீரை மின்சாரத்தால் சூடாக்கும் இமெர்ஷன் ஹீட்டரின் இணைப்பிலிருந்தே அதற்கு மின்சாரம் எடுத்துவிட்டார். அங்கிருந்து தெர்மோஸ்டாட், வால்வு வழியாக அது பாய்லருக்குள் இறங்குகிறது. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட கதை. பம்ப், வால்வு, புரோகிராமர், தெர்மோஸ்டாட், பாய்லர் எல்லாம் ஒரே ஸ்பரிலிருந்துதான் மின்சாரம் பெற வேண்டும். அந்த சுவிட்ச் லைவ், நியூட்ரல் இரண்டையும் ஒன்றாகத் துண்டிப்பதாகவும், திறந்த முனைகளுக்கு இடையே குறைந்தது 3 மில்லிமீட்டர் இடைவெளி உள்ளதாகவும் இருக்க வேண்டும். பாய்லர் கையேடுகள் வழக்கமாகக் கேட்பது இதையே. இங்கே அதை மீறியிருக்கிறார்கள். அடுத்து வந்து கை வைப்பவனுடைய உயிரோடு விளையாடிய வேலை என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

இமெர்ஷன் எம்.சி.பி.யும் பூட்டப்பட்டது. நான்கு இடங்களிலும் மறுபடி சோதனை. கடைசியில் டெஸ்டரையே மீண்டும் அந்தச் சிறு பெட்டியில் வைத்துப் பார்த்தார். இடையில் டெஸ்டர் பழுதாகியிருந்தால் அது 'இல்லை' என்று காட்டியதற்குப் பொருளே இல்லை. தொடாமல் அருகில் பிடித்தாலே கத்தும் பேனா டெஸ்டர் ஒன்றும் அவர் பையில் இருந்தது. அதை நம்பி அவர் எதையும் தொடுவதில்லை.

பாய்லர் அணைந்து அணைந்து போனதற்குக் காரணம் ஸ்பருக்குள்ளேயே கிடைத்தது. எர்த் கம்பி ஸ்க்ரூவில் பிடிப்பில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. தீ எரிகிறதா என்பதை பாய்லர் கண்டுகொள்வது, தீச்சுடரின் வழியே எர்த்துக்குப் பாயும் மிக நுண்ணிய மின்னோட்டத்தை வைத்து. எர்த் சரியில்லை என்றால் போர்டு, தீ அணைந்துவிட்டது என்று எண்ணி கேஸை மூடிவிடும். லைவும் நியூட்ரலும் இடம் மாறினாலும் பல பாய்லர்களில் இதே கதைதான். இது தெரியாமல் விலை கூடிய போர்டை மாற்றிவிட்டு அதே பழுதோடு உட்கார்ந்திருக்கும் வீடுகள் உண்டு.

மாலைக்குள் புரோகிராமருக்கு பாய்லர் ஸ்பரிலிருந்தே புது வயர் வந்தது. சிவப்பு ஃபியூஸ் ஏறியது. மாடியில் பழைய சிவப்பு, கறுப்பு வயர்கள் இருந்தன; 2004 முதல் வந்த பழுப்பு, நீல நிறத்தில் அவற்றின் நுனிகளுக்கு உறை போட்டான் பையன்.

பிரிட்டனில் பழைய வீட்டுக்குக் குடிபோகும் நம்மவர்கள் இதை ஒருமுறை செய்து பாருங்கள். ஹீட்டிங் ஓடும்போது பாய்லர் பக்கத்து சுவிட்சை அணையுங்கள். பம்ப், வால்வு, புரோகிராமரின் சிறு விளக்கு எல்லாம் சேர்ந்து நிற்க வேண்டும். ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் மூடியைக் கழற்றாதீர்கள். வேலை தெரிந்த, பதிவு பெற்ற ஆளைக் கூப்பிட்டு, அவர் பெட்டியைத் திறக்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.