நாலு மஞ்சாடி

கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா, அதில் வில்வித்தைப் போட்டி என்று செய்தித்தாளின் உள்பக்கத்தில் நாலு வரி. ஆண்டுதோறும் ஆடி 17, 18இல் நடக்கிற விழா; செய்தியும் ஆண்டுதோறும் அதே நாலு வரிதான். அதை நான் சத்தமாகப் படிக்க, எதிரில் உட்கார்ந்திருந்த உடற்கல்வி ஆசிரியர் நண்பர், "அம்பு செய்யிறவரைப் பாக்கணும்னா கொல்லிமலை எதுக்கு? நம்ம முந்தல்லயே ஒருத்தர் இருக்காரே. தங்க ஆசாரி" என்றார்.

தங்க ஆசாரிக்கும் அம்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு, "வந்து பாருங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் விடிகாலையில் போடியில் இறங்கினோம். தோட்ட வேலைக்குப் பெண்களை அள்ளிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும் நேரம். போடிமெட்டுச் சாலை மலையைத் தொடுகிற இடத்தில் இருக்கிறது முந்தல். ஆடிக்காற்று கணவாய் வழியாக இறங்கி, டீக்கடைத் தகரத்தைப் பிய்த்துவிடுவதுபோல் ஆட்டிக்கொண்டிருந்தது. இந்தக் காற்றில் அம்பு விட்டால் எதிர்வீட்டுக் கொடித்துணியில்தான் குத்தும். ஆசாரி அதற்கு வழி வைத்திருந்தார்: காலியாகக் கிடந்த ஒரு பழைய ஏலக்காய்க் கிட்டங்கி. கடைசிச் சுவரில் வைக்கோல் திரை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இருபது எட்டு. சுண்ணாம்புச் சுவரில் ஏலக்காய் வாசம் இன்னும் ஒட்டியிருந்தது.

ஆசாரிக்கு வயது எழுபதை நெருங்குகிறது. பதினொரு வயதில் அப்பாவோடு உலைக்கு முன்னால் உட்கார்ந்தவர். மிஷின் செயினும் பெரிய நகைக்கடைகளும் வந்த பிறகு உலை அணைந்தது. சில வருஷம் மேலே ஒரு எஸ்டேட்டில், காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு விறகு போடுகிற வேலை. அங்கே கூட வேலைபார்த்த ஒருவர் வயநாட்டுக் குறிச்சியர். 1802இல் பழசிராஜாவின் ஆட்களோடு சேர்ந்து பனமரம் கோட்டையில் கும்பினிப் படையை அடித்தவர்கள் அந்தக் குறிச்சியர்கள்தாம். தலைக்கல் சந்து அவர்களில் ஒருவர். அந்த வம்சத்து ஆள் ஓய்ந்த வேளையில் ஈத்தை வெட்டி அம்பு சீவுவாராம். இவர் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறார். "வேடிக்கை பாத்ததுதேன் தம்பி. கை சும்மா இருக்கணுமே!"

ஈத்தை மூங்கில் சாதி, மெலிசு. கணுவுக்குக் கணு ஒரு முழத்துக்கு மேல் ஓடும். தேய்பிறையில் வெட்டினால் வண்டு துளைக்காது என்கிறார். நிழலில் காயவைத்து, அடுப்புக்கு மேலே பரணில் புகைகாட்டி, தணலில் வாட்டி நிமிர்த்துகிறார். நாண் மாட்டுகிற வாயைக் கணுவை ஒட்டி வெட்டினால்தான் பிளக்காதாம். இறகு ஒட்டுகிற வேலையை நான் சரியாகப் பார்க்கவில்லை. அந்நேரம் டீ குடிக்கப் போயிருந்தேன். வான்கோழி இறகு என்பது மட்டும் தெரியும்.

நான் திரும்பி வந்தபோது ஒரு பலகையை எடுத்து வைத்திருந்தார். அதற்கப்புறம் என் கண் வேறெதையும் பார்க்கவில்லை.

பலகையில் இரண்டு ஆணி, இடைவெளி 26 அங்குலம். ஆணிகளின் மேல் அம்புத்தண்டைக் கிடத்தி, நடுவில் ஒரு கொக்கி மாட்டி, கொக்கியில் துருவேறிய படிக்கல் ஒன்றைத் தொங்கவிட்டார். தண்டு லேசாகத் தொய்ந்தது. படிக்கல்லைத் திருப்பிக் காட்டினார்: 2 ராத்தல். 1956இல் மெட்ரிக் சட்டம் வந்து, சில வருஷத்தில் ராத்தல் கடையை விட்டே போயிற்று. எஸ்டேட் ஸ்டோரில் பழைய இரும்போடு கிடந்ததை இவர் எடுத்துவந்திருக்கிறார். பிறகு நம் நண்பர் எங்கிருந்தோ ஒரு புத்தகத்தின் நகல் பக்கத்தைக் கொடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மரத்தண்டு அம்பின் விறைப்பை அளக்க வெள்ளைக்காரர்கள் வைத்திருந்த கணக்கே அதுதான்: 26 அங்குல இடைவெளி, நடுவில் 2 ராத்தல். தண்டு எத்தனை அங்குலம் தொய்கிறதோ அதால் 26ஐ வகுத்தால், எத்தனை ராத்தல் வில்லுக்கு அது ஆகும் என்று கிடைத்துவிடும்.

"நாப்பது ராத்தல் வில்லுன்னா பாயிண்ட் ஆறு அஞ்சு அங்குலம் தொய்யணும். பதினாறரை மில்லின்னு வச்சுக்கங்க." கோணூசி முனைபோன்ற ஒரு முள், அளவுகோலின் மேல் நடுங்கி நின்றது. பதினான்கு. "இது வெறப்பு. வேற கட்டு." அடுத்தது பத்தொன்பது. "இது துவள்ற சாதி." நூறு ஈத்தை வெட்டினால் ஒரே மாதிரி தொய்கிறவை பன்னிரண்டு தேறினால் அதிர்ஷ்டமாம்.

அம்பு நேராக இருந்தால் போதாதா, எதற்கு வளைய வேண்டும்? நான் கேட்டேன். வில்லின் பிடி நடுவில் இருக்கிறது. அம்பு அதன் பக்கவாட்டில் கிடக்கிறது. நாணோ அதை நடுவை நோக்கித் தள்ளுகிறது. பிடியில் இடிக்காமல் போக வேண்டுமென்றால் அம்பு பாம்புபோல நெளிந்து பிடியைச் சுற்றித்தான் போயாக வேண்டும். 1930களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகப் பொறியாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகப் படம் எடுத்து இந்த நெளிவை உலகத்துக்குக் காட்டினார். வலக்கைக்காரன் எய்தால், விறைத்த அம்பு நெளியாமல் இடப்பக்கம் விலகும். துவண்டது அளவுக்கு மீறி நெளிந்து வலப்பக்கம் போகும்.

சோதனைக்கு ஒரு பையன் வந்திருந்தான். பிளஸ் ஒன். மூங்கில் வில்லும் மூங்கில் அம்புமாக 50 மீட்டர், 30 மீட்டரில் எய்கிற 'இந்தியன் ரவுண்டு' பிரிவுக்குப் பழகுகிறான். வில் நாற்பது ராத்தல்தான். ஆனால் அவன் கை குட்டை, முழுதாக இழுப்பதில்லை. அவன் இழுப்புக்கு அது முப்பத்தாறுதான் என்று ஆசாரி அம்பையும் அதற்கேற்ப எடுத்திருந்தார். இறகு வைத்த மூன்று அம்புகள் திரை நடுவில் ஒரு கைப்பிடிக்குள் குத்தின. பிறகு இறகில்லாத ஒன்று. இறகு அம்பின் தப்பைத் திருத்தி மறைத்துவிடும்; மொட்டை அம்பு உள்ளதைச் சொல்லிவிடும். அது இடப்பக்கம் ஒரு சாண் தள்ளிப் போய்க் குத்தியது.

"வெறப்பு" என்றேன், பெரிய வித்தைக்காரன்போல. பையன் சிரிக்காமல் இருந்தது அவன் பெருந்தன்மை.

அம்பை நீளமாக விட்டால் துவளும், நறுக்கினால் விறைக்கும். 30 அங்குல அம்பில் ஒரே ஒரு அங்குலம் நறுக்கினாலும் துவளல் பத்தில் ஒரு பங்கு குறைந்துபோகும். நறுக்கியதை ஒட்ட முடியாது. அதனால் தண்டை நீளமாகவே விட்டுவிட்டு, மீதியை முனையில் பார்த்துக்கொள்கிறார். முனை கனத்தால், நாண் பின்னாலிருந்து தள்ளும்போது தலை சட்டென்று நகராது. நடுத்தண்டு கூடுதலாக வளைந்துகொடுக்கும். விறைத்த அம்பு பணிந்துவிடும்.

தங்க ஆசாரி எதற்கு என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அம்பு முனையை விளக்குச் சுடரில் காட்டினார். அரக்கு இளகியது. நகைக்குள் ஊற்றுகிற அதே அரக்கு. முனை வாலோடு கையில் வந்தது. பொன் தராசின் ஒரு தட்டில் அதை வைத்து, மறு தட்டில் சிவப்பு மஞ்சாடி விதைகளை ஒவ்வொன்றாக வைத்தார். இருபத்தொன்று. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, கிராமில் சொன்னால் கால்தான். முடிபோல இழுத்த பித்தளைக் கம்பியை முனையின் வாலில் சுற்றிச் சுற்றி, இருபத்தைந்து விதைக்குத் தட்டு சமன் ஆனதும் நறுக்கினார். அரக்கு, ஈத்தையின் பொந்துக்குள் செருகல், ஒரு ஊதல். கூடியது ஒரு கிராம்.

மொட்டை அம்பு இந்தத் தடவை மூன்று அம்புகளின் நடுவில் போய் நின்றது. "அம்புட்டுத்தேன்" என்றார். சிலேடை அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாக ஒரே அம்பில் துளைத்தானாம் வல்வில் ஓரி, அதற்கு எத்தனை மஞ்சாடி வேண்டும் என்று கேட்டுவைத்தேன். கொஞ்சநேரம் நிஜமாகவே யோசித்தார். "மொதல்ல வில்லக் காட்டச் சொல்லுங்க."

ஒரே தொய்வு, ஒரே கனம் உள்ள ஆறு அம்புகள் ஒரு கட்டு. அவர் விற்பது அம்பை அல்ல, அந்தக் கட்டை. வாங்குகிறவருக்கு அது புரியாது; புரிந்துகொள்ள அவசியமும் இல்லை. ஏஜென்ட் ஒருவர் மாதம் ஒருமுறை வந்து, அம்புக்கு 120 ரூபாய் கொடுத்து மொத்தமாக அள்ளிப்போய் நகரத்துக் கடைகளில் போடுகிறார். அங்கே என்ன விலை என்று ஆசாரி கேட்டதில்லை. நான் பிறகு விசாரித்தேன். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விலைகூடப் போகட்டும். கட்டைப் பிரித்து, நிறம் ஒத்தவற்றை ஒன்றுசேர்த்துப் புதுக்கட்டுப் போடுகிறார்கள். பளபளப்பு ஒத்துப்போகும், பாய்ச்சல் ஆளுக்கொரு பக்கம். இது நடப்பது எந்த ஊர்ச் சரக்குக்கு? எட்டு மில்லி, ஏழு மில்லி என்று சல்லடை போட்டு, லிட்டருக்கு எத்தனை கிராம் என்று எடை பார்த்து ஏலக்காய் விற்கிற ஊர்ச் சரக்குக்கு. ஸ்பைசஸ் போர்டு ஏலத்தில் கலப்படக் குவியலை எந்த வியாபாரி முதல்தரத்து விலைக்கு எடுப்பார்? காய்க்குத் தெரிந்த நியாயம் கைக்குத் தெரியவில்லை. தரம் பிரிக்கிற பெண்களுக்கும் கூலி என்னமோ கொட்டிக்கிடக்கவில்லைதான். ஆனால் அவர்கள் பிரித்ததை யாரும் திரும்பக் கலப்பதில்லை.

நான் இப்படிக் கத்திக்கொண்டிருந்தபோது ஆசாரி நூல் சுற்றிக்கொண்டிருந்தார். முனைக்குக் கீழே ஈத்தை பிளக்காமல் இருக்கப் போடுகிற கட்டு. முன்பெல்லாம் கட்டுக்கு ஒரு நிற நூல் போடுவாராம். எல்லாம் சிவப்பாகவே வேண்டும் என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார். சிவப்புதான் போடுகிறார்.

கிளம்பும்போது பையன் தன் ஆறு அம்புகளையும் என்னிடம் நீட்டி, எண்ணச் சொன்னான். ஒன்றில் நகத்தை வைத்துச் சுற்றுகளை எண்ணினேன். பதின்மூன்று. அடுத்ததிலும் பதின்மூன்று. மூலையில் ஏஜெண்டுக்குக் கட்டி வைத்திருந்த குவியலிலிருந்து அவன் ஒன்றை உருவித் தந்தான். பதினைந்து.

"கடையில வாங்குற பயலுகளுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"ஒருத்தனுக்குச் சொல்லிட்டேன்ணே" என்றான்.