வெந்நீர்க் கலத்தின் பாட்டு

ஆரணியில் மார்கழிப் பனி கமண்டல நாகநதிக் கரையிலிருந்து எழுந்து நெசவுத் தெருக்களுக்குள் நுழையும். அந்த நாள்களில் விடியுமுன் எங்கள் வீட்டில் முதலில் விழிப்பது தறியன்று. கொல்லைப்புறத்துச் செம்புப் பாய்லர்தான். நடுவே புகைபோக்கிபோல ஒரு குழல். அதனுள் கொட்டாங்கச்சியும் கரியும் எரியும். குழலைச் சுற்றி இரண்டு குடம் நீர் நிற்கும். அடியில் ஒரு பித்தளைக் குழாய். என் ஆயா மணமகளாக வந்தபோது சீராக வந்த கலம் அது.

குளிப்பதற்கு மட்டும் அந்த வெந்நீர் என்று எண்ணிவிட வேண்டாம். குளிரில் விறைத்த விரலுக்குப் பட்டிழை தென்படாது. பாவில் ஓரிழை அறுந்தால் அதைக் கண் காண்பதற்கு முன் விரல் உணர வேண்டும். அப்பா ஒவ்வொரு நாளும் இரு கைகளையும் வெந்நீரில் நெடுநேரம் அமிழ்த்தி, துடைத்து, உலர்ந்தபின்தான் தறிக்குழியில் இறங்குவார்.

1987ஆம் ஆண்டு மார்கழியில் அந்தக் குழாய் ஒழுகத் தொடங்கியது. ஆரணி அப்போது வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். நொடிக்கு ஒரு சொட்டு. இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டு கணக்கிட்டேன். ஒரு நாளுக்கு நான்கு லிட்டருக்கு மேல் வந்தது. கணக்குப் போடத் தெரிந்தவனுக்குச் செப்பனிடவும் தெரியும் என்ற எண்ணம் அந்த வயதுக்கே உரியது போலும்.

குழாயின் அமைப்பு எளியது. கூம்பு வடிவப் பித்தளை முளை ஒன்று அதே வடிவக் கூட்டுக்குள் பொருந்தியிருக்கும். முளையின் குறுக்கே ஒரு துளை. கைப்பிடியைத் திருப்பினால் துளை நீர்வழியோடு நேர்ப்படும். மீண்டும் திருப்பினால் முளையின் திண்ணிய பக்கம் வழியை அடைக்கும். இடையில் தோலும் இல்லை, ரப்பரும் இல்லை. இரண்டு உலோகப் பரப்புகள் ஒன்றோடொன்று இழைந்திருப்பதே அடைப்பு. இதை நான் பின்னர்தான் அறிந்தேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் சுத்தியல் ஒன்றே. முளையின் தலையில் நான்கு அடி வைத்தேன். அடியிலிருந்த மரையையும் வலிந்து முறுக்கினேன். சொட்டு நின்றது. கீழே வைத்திருந்த குவளையை எடுத்துக்கொண்டு உள்ளே போய், "ஆயா, சரிபண்ணிட்டேன். இனிமே மூடியத் தொறந்து பாக்க வேணாம்" என்றேன்.

மாலையில் நீர் நிரப்பி, விடியலில் நெருப்பு மூட்டுவது வழக்கம். அன்றிரவு குழாய் மீண்டும் திறந்துகொண்டது. சொட்டு நூலாகி, நூல் ஓசையின்றிச் சாக்கடையில் கலந்தது. விடியலில் ஆயா நெருப்பை மூட்டினார்; என் சொல்லை நம்பி மூடியைத் திறக்கவில்லை.

நீர் கொதிக்குமுன் கலம் மெல்ல முனகும். அடிப்பகுதியில் தோன்றும் ஆவிக் குமிழ்கள் மேலுள்ள குளிர்ந்த நீரில் பட்டு உடைகிற ஒலி அது. ஆயா அதைப் பாட்டு என்பார். கால் மணி நேரம் கழிந்தது. "பாட்டு கேக்கலியேடா" என்றார். நான் எட்டிப் பார்த்தேன். கலத்துக்குள் நீரே இல்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார்.

"தண்ணி ஊத்தாதடா! மொதல்ல நெருப்ப எடு."

எங்கள் கலத்தின் மூடி தளர்வானது. ஆவி தானே வெளியேறிவிடும். ஆவியை அடைத்துவைக்கும் கலன்களோ வேறு வகை. 1679இல் தெனி பப்பேன் இலண்டனில் அறிமுகப்படுத்திய சமையற்கலம் அத்தகையது. மிகுந்த அழுத்தம் தானாக வெளியேற எடை வைத்த அடைப்பான் ஒன்றையும் அவர் அமைத்தார். எங்கள் கலம் வெடித்திராது. ஆயினும், காய்ந்து கனன்ற செம்பின்மேல் குளிர்நீர் விழுந்திருந்தால், ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 1,700 லிட்டர் ஆவியாகும் கணக்கில், கொதியாவி மூடிவாய் வழியே என் முகத்தில் பாய்ந்திருக்கும். ஆயா பள்ளிக்கூடம் போனவரல்லர். கிடுக்கியால் கனலை ஒவ்வொன்றாக எடுத்து மண்சட்டியில் இட்டார்.

சாம்பலில் வெள்ளி மணிகள்போலச் சில கிடந்தன. குழலின் பழைய ஒட்டிலிருந்து உருகி விழுந்த ஈயப்பற்று அது. உட்புறப் பூச்சும் குழைந்து அடியில் திரண்டிருந்தது. செம்பு உருக 1,085 பாகை வெப்பம் வேண்டும். வெள்ளீயத்துக்கு 232 போதும். நீர் இருக்கும்வரை கலத்தின் உட்சுவர் நூறு பாகையைப் பெரிதும் தாண்டாது. பூச்சைக் காத்துவந்தது நீர்தான்.

அப்பா ஒரு சொல்லும் சொல்லவில்லை. கைகளைத் தேய்த்துக்கொண்டு தறியில் அமர்ந்தார். தை மாதத் திருமணத்துக்கான புடவை அது. நண்பகலில் பார்த்தால், அறுந்த பாவிழை ஒன்று அவர் விரலுக்குத் தப்பி, ஒரு சாண் நீளத்துக்குக் கோடு விழுந்திருந்தது. ஊடையை இழை இழையாகப் பிரித்தார். பிரித்து முடிக்க அந்தி ஆயிற்று. அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுவாரம் ஈயம் பூசும் பெரியவர் எங்கள் தெருவுக்கு வந்தார். முளையைக் கழற்றி வெயிலில் திருப்பிப் பார்த்து, "மணல் கீறியிருக்கு. அதுக்குமேல யாரோ அடிச்சிருக்காங்க" என்றார். ஆயா என்னைப் பார்க்காமல் இருந்தது பெருந்தன்மை. பெரியவர் முளையில் விளக்குக்கரி தடவிக் கூட்டில் ஒருமுறை திருப்பி எடுத்தார். கரி அழிந்த இடங்களில் மட்டுமே இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தன, மற்றவை பள்ளம். சலித்த செங்கற்பொடியை எண்ணெயில் குழைத்துப் பூசி, முளையை என் கையில் தந்தார்.

"அழுத்தாத. சுத்து. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்."

முற்பகல் முழுவதும் சுற்றினேன். அவ்வப்போது கழுவி, கரி தடவிப் பார்ப்பார், மீண்டும் தருவார். கரி எல்லா இடத்திலும் ஒரே சீராக அழிந்தபோதுதான் தலையசைத்தார். பின்னர்ப் பிரிந்த ஒட்டை அடைத்தார். துருத்தி வைத்துக் கலத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தைப் பஞ்சால் இழுத்தார். கறுத்த செம்பு ஒரு நொடியில் வெண்மை பூண்டதை இன்றும் மறக்கவில்லை.

அன்றிரவு குழாயின் அடியில் உலர்ந்த சாம்பலைக் குவித்துவைத்தேன். சொட்டு விழுந்தால் குழி விழும். விடியுமுன் விளக்கோடு போய்ப் பார்த்தேன். குவியல் வைத்தபடியே இருந்தது. கொட்டாங்கச்சியோடு ஆயா பின்னால் வந்து நின்றார். மூடியைத் திறந்தேன். முழங்கைவரை கையை விட்டு நீரைத் தொட்டுப் பார்த்தேன். எலும்பை உறைக்கும் குளிர்.

"இருக்கு ஆயா" என்றேன்.

அவர் நெருப்பை மூட்டினார்.