ஊர் அறிந்த செய்தி

கற்பிட்டிக் கடற்கரையின் கருவாட்டு வாடியொன்றில் தாய்க்கு உதவிவந்தாள் பதினொரு வயதுச் சிறுமி. உள்ளாடையிற் கண்ட கபிலக் கறையை உட்காயமென அஞ்சி இரு நாள்கள் மறைத்தாள். மூன்றாம் நாள் தாய் கண்டாள். “பெரியபிள்ளையாகிவிட்டாள்” என்ற செய்தி அயலெங்கும் பரந்தது. நீராட்டும் புத்தாடையும் தின்பண்டமும் கிடைத்தன. அன்றிரவு அவள் கேட்டாள்: “உம்மா, இந்தக் காயம் எப்ப ஆறும்?”

அது காயமன்று; கருப்பையின் உட்படலம் குருதியோடு கழிதலே. மார்பு அரும்பி ஏறத்தாழ ஈராண்டுகளின் பின், பெரும்பாலும் 9 முதல் 15 வயதுக்குள் இது நிகழும். சில மாதங்கள் முன்னரே வெள்ளைக் கசிவு தோன்றலாம். முதற்கறை கபிலமாகவும் இருக்கலாம். தொடக்க ஆண்டுகளில் ஒழுங்கின்றி வருதலும் இயல்பே. 15 வயது கடந்தும் பூப்பெய்தாவிடின் மருத்துவரை நாடல் வேண்டும்.

உடல் இவ்வாறு முன்னறிவித்தே வருகின்றது. அவ்வறிகுறிகளைக் காணும் தாய், கறைக்கு முன்னரே மகளிடம் பேசிவிடலாம். ஊர் அறியும் செய்தியை உரியவள் முதலில் அறிதல் வேண்டுமன்றோ?