ஓலைத்தொடுவாய்க் கரையில் ஒரு பட்டம்

மன்னார்த் தீவுக்குப் போகிறவர்கள் கோட்டையைப் பார்ப்பார்கள், பெருக்கமரத்தைப் பார்ப்பார்கள், தலைமன்னாரில் நின்று இராமேஸ்வரத்துப் பக்கம் கையைக் காட்டுவார்கள். ஓலைத்தொடுவாயில் இறங்குபவர் குறைவு. பனைகள், கரைக்கு இழுத்து வைத்த வள்ளங்கள், மணல், காற்று, அவ்வளவுதான். அந்தக் காற்றை நம்பித்தான் தீவின் தென்கரையில் 2020-21இல் 30 காற்றாலைகளை நிறுத்தினார்கள்.

சென்ற விடுமுறையில் மத்ரஸா மாணவர் சிலருடன் அங்கே அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சிறுவன் விட்ட பட்டம் சுழன்று சுழன்று மணலில் குத்தியது. "வால் காணாது" என்று சொல்லி, சீலைத் துண்டொன்றைக் கிழித்து முடிந்தான். பட்டம் நிமிர்ந்து ஏறியது.

எனக்குக் குர்துபா நகரத்து அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் நினைவுக்கு வந்தார். 9ஆம் நூற்றாண்டில் உடலில் இறகுகளைக் கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து பாய்ந்து பறந்தவர். வகுப்பில் இதைப் பெருமையோடு சொல்வேன்; இறங்கும்போது முதுகில் அடிபட்டதை மட்டும் விட்டுவிடுவேன்! பறவைகள் வாலின் துணையோடு இறங்குவதை அவர் கவனிக்கவில்லை, வால் வைக்கவில்லை என்று எழுதியிருப்பவர் அல்மக்கரீ. அவரோ 1632இல் மறைந்தவர். எழுநூறு ஆண்டுகள் பிந்தியவர். இப்னு ஃபிர்னாஸின் காலத்தில் இருந்து கிடைப்பது ஒரு கவிஞர் பாடிய கேலிப் பாட்டுத்தான். இவ்வளவையும் அன்று மாணவர்களிடம் ஒப்புக்கொண்டேன்.

"அப்படியென்றால் வால் இல்லாமல் பறக்கவே ஏலாதா, ஹஸ்ரத்?" என்றான் ஒருவன்.

ஏலும். 1960களில் அமெரிக்காவில் ஜோன் டைக் என்பவர் தாமே கட்டிய விமானம் 'டைக் டெல்டா'. முக்கோண இறக்கை, நான்கு பேர் அமரலாம், இறக்கையை மடித்துக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகலாம். நிமிர்ந்த வால் உண்டு, கிடைவால் இல்லை. இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகைகளே மூக்கை ஏற்றி இறக்கும், பக்கம் சாய்க்கும். முக்கோண இறக்கையின் மூக்கை நன்றாக உயர்த்தினால், சரிந்த முன்விளிம்புகளில் காற்றுச் சுழல்கள் பிறந்து, மேற்புறமாக உருண்டு, விமானத்தைத் தாங்கும். சும்மா அல்ல, இழுவை கூடும், எஞ்சின் பலம் வேண்டும்.

நம் நாட்டிலும் சொந்தமாகச் சிறு விமானம் வடிவமைத்துக் கட்டிப் பறந்தவர் ஒருவர் இருந்தார். பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924-2010). வயலில் ஓடும் இருசக்கர உழவு இயந்திரத்தை வடிவமைத்ததும் அவர்தான். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டினார். பாயும் இறக்கையும் ஒரே காற்றின் பிள்ளைகள் அல்லவா!

கேட்ட மாணவன் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துக் கூர்மூக்கு விமானம் மடித்தான். அதுவும் முக்கோணம்தான். எறிந்தான், மூக்குக் குத்தி விழுந்தது. பின்விளிம்புகளைக் கொஞ்சம் மேலே வளைத்துவிடச் சொன்னேன். இம்முறை அது மிதந்து போய், ஒரு வள்ளத்துக்குள் இறங்கியது. மற்றவர்களும் கொப்பியைக் கிழிக்கத் தொடங்கிவிட்டார்கள். மஃரிப் வரை நான் தடுக்கவில்லை.